குடும்ப வண்டியில் குடும்பத்துக்கு இடமில்லை

என் மகன் 2018-ல் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி ஒன்று வாங்கினான். வீட்டில் நாங்கள் ஆறு பேர். அவன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நான், என் மனைவி. ஏழாவது இடத்தில் புளியோதரைத் தூக்கும் தண்ணீர்க் கேனும் உட்கார்ந்து வரும். மேல்மலையனூர் அங்காளம்மன் எங்கள் குலதெய்வம். பேரப்பிள்ளைகள் கடைசி வரிசையில் சண்டை போட்டுக்கொண்டு வர, நாங்கள் கிழவனும் கிழவியும் நடு வரிசையில் கால் நீட்டிக்கொண்டு போய், பொங்கல் வைத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம்.

இப்போது அதே வண்டியில் கடைசி வரிசை இல்லை. அந்த இடத்தில் பிளைவுட்டில் ஒரு அலமாரி. இழுத்தால் அடுப்பு வரும், இன்னொன்றை இழுத்தால் குளிர்பெட்டி வரும். பிள்ளைகள் நடு வரிசைக்கு வந்துவிட்டார்கள். ஆக, வண்டியில் ஐந்து பேர் போகலாம். ஆறில் ஐந்து போனால் மிச்சம் ஒன்று என்பது பள்ளிக்கூடக் கணக்கு. குடும்பக் கணக்கில் மிச்சம் இரண்டு. அவள் வராத இடத்துக்கு நான் போவதில்லை, நான் வராத இடத்துக்கு அவள் போவதில்லை.

இதைக் குறையாகச் சொல்லி ஆறுதல் தேட இதை எழுதவில்லை. நம் ஊரில் இந்த வியாதி பரவிவிட்டது. மாலையில் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். குடும்பத்துக்கென்று வாங்கிய வண்டிகளை ராணுவ வண்டி போல ஆக்கி வைத்திருக்கிறார்கள். நெற்றியில் நீள விளக்கு, மூக்கில் இரும்புக் கம்பி, தலையில் கூடாரம், முதுகில் ஏணி. இதற்குப் பெயர் ஆஃப்-ரோடு மாடிஃபிகேஷன். எந்த மாடல் என்பது முக்கியமில்லை, எல்லா மாடலுக்கும் இது வருகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப வண்டியில் செய்யப்படும் இந்த வேலைகளில் பெரும்பாலானவை பயணத்துக்கு உதவாதவை. சட்டத்துக்கு விரோதமானவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டி யாருக்காக வாங்கப்பட்டதோ அவர்களையே இறக்கிவிடுபவை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உயரம். லிஃப்ட் கிட் என்று ஒன்று போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினார்கள். "கல்லுமேல அடி படாதுப்பா" என்றான் மகன். நானும் குனிந்து பார்த்தேன். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல ஒரு உருண்டை இருக்கிறதே, டிஃபரன்ஷியல், அது இருந்த இடத்திலேயே இருந்தது. இருக்காதா பின்னே? அச்சு சக்கரத்தில் நிற்கிறது. ஸ்பிரிங்கை நீளமாக்கினால் அச்சுக்கு மேலே உள்ள உடம்புதான் உயரும், அச்சு உயராது. பெரிய டயர் போட்டால்தான் அச்சு உயரும். ஆகவே கல்லில் முதலில் இடிக்கிற இடம் முன்பு எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. உயர்ந்தது இரண்டுதான். வண்டியின் பாரம் நிற்கிற மையம் ஒன்று, என் மனைவி கால் வைத்து ஏற வேண்டிய படி இன்னொன்று. பாரமையம் உயர்ந்தால் வளைவில் வண்டி சாயும். படி உயர்ந்தால் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவளால் ஏற முடியாது. முன்பக்கமும் பின்பக்கமும் மேட்டில் இடிக்காமல் ஏறி இறங்க லிஃப்ட் கொஞ்சம் உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேல்மலையனூர் போகிற வழியில் அப்படி ஒரு மேட்டை நான் பார்த்ததில்லை.

பிறகு பெரிய டயர். டயரின் குறுக்களவு பத்து சதவீதம் கூடினால் ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 66-ல் போகும். பிரேக்குக்கு வேலை அதிகம், எஞ்சினுக்கு வேலை அதிகம், டீசல் செலவு அதிகம். முன்சக்கரங்கள் திரும்பும்போது உள்ளே உரசுகிறது என்று மட்கார்டையும் கொஞ்சம் வெட்டினார்கள்.

மூன்றாவது, முன்னால் போடும் இரும்புக் கம்பி. மோதினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் வாதம். அதுதான் ஆபத்தே. இன்றைய வண்டியின் முன்பகுதி மோதும்போது நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. அது நசுங்கினால் அடி உள்ளே இருப்பவர்களுக்குக் குறையும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதையும் அந்த நசுங்கலைக் கணக்கில் வைத்தே அமைத்திருக்கிறார்கள். சட்டத்தோடு சேர்த்து முறுக்கிய இரும்பு நசுங்காது, அடியை நேராக உள்ளே அனுப்பும். ஏர்பேக் விரியும் நேரமும் தப்பிப்போகலாம். எதிரே சைக்கிளில் வருகிற ஆளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதனால்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, இப்படிப்பட்ட கம்பிகளைப் பொருத்துவது சட்ட விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்றது.

நான்காவது, கூரைமேல் கூடாரம். ராத்திரி வண்டியின் தலையில் ஏணி வைத்து ஏறித் தூங்க வேண்டும். என் வயதுக்காரர்கள் ஒரு ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும். இருட்டில் ஒவ்வொரு முறையும் ஏணியில் இறங்கி ஏணியில் ஏற வேண்டுமாம். இதற்குப் பெயர் சொகுசு.

இவற்றின் எடையை ஒருநாள் உட்கார்ந்து கூட்டினேன். குமாஸ்தா புத்தி, கூட்டாமல் இருக்க முடியவில்லை. முன் இரும்பும் விஞ்ச்சும் 90 கிலோ. கூரைச் சட்டம் 30. கூடாரம் 60. தண்ணீர்த் தொட்டி 60 லிட்டர், அதாவது 60 கிலோ. அலமாரி, குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 340 கிலோ. சராசரியாக ஐந்து ஆட்களின் எடை. ஆட்களை இறக்கிவிட்டு அவர்கள் எடைக்கு இரும்பை ஏற்றியிருக்கிறோம். இதில் 90 கிலோ கூரைமேல். வண்டியோடு வரும் கையேட்டில் கூரையில் எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். நான் கேட்டபோது அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் டாஷ்போர்டு பெட்டியில் இருந்தது.

சட்டத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. என் கடைசி பத்து வருட உத்தியோகம் வண்டிப் பதிவு ஃபைல்களோடு போனது. ஆர்.சி. புத்தகம் என்பது ஏதோ வரி கட்டிய ரசீது என்று பலர் நினைக்கிறார்கள். அது வண்டியின் ஜாதகம். எத்தனை இருக்கை, ஆளில்லாமல் எவ்வளவு எடை, என்ன உடலமைப்பு, என்ன நிறம் என்று எல்லாம் அதில் இருக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். என் மகன் வண்டியில் எண்ணினேன். பாதியில் நிறுத்திவிட்டேன், ரத்த அழுத்தம்.

"யாருப்பா பிடிக்கறாங்க? ஊர்ல எல்லாரும்தான் போட்டிருக்காங்க" என்றான். இதே வார்த்தையை என் மேஜைக்கு எதிரில் நின்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! பிடிக்காதவரை எல்லாம் சரிதான். விபத்து நடந்த பிறகுதான் ஃபைல் திறக்கும். அப்போது யாரும் "எல்லாரும் போட்டிருக்காங்க" என்பதைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் வீட்டு ஃபைல் விபத்தில் திறக்கவில்லை, மழையில் திறந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்ததை நம் ஊரில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. எங்கள் வீடு கிருஷ்ணா நகர்ப் பக்கம். விடிந்து பார்த்தால் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வண்டி வாசலில் நிற்கிறது.

மாற்றங்களில் ஒன்றை இதுவரை நான் சொல்லவில்லை. ஸ்நார்க்கல் என்று ஒரு மூக்குக் குழாய். எஞ்சின் காற்று இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றிவிடும் குழாய். முப்பதாயிரம் கொடுத்துப் போட்டது. அதை நம்பி மகன் சாவியை எடுத்துவிட்டான். "ஓட்டிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிடலாம்பா, இதுக்குத்தானே போட்டது."

அன்றைக்குத்தான் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அவன் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கினேன். மூக்குக் குழாய் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். கதவு வழியாக உள்ளே வரும் தண்ணீரை அது தடுக்காது. தண்ணீருக்கடியில் மூடியில்லாத சாக்கடை எங்கே என்று அது சொல்லாது. ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரிய வண்டியையும் தூக்கி நகர்த்திவிடும். அகல டயர் இன்னும் நன்றாக மிதக்கும். உள்ளே பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம் என்றேன். கோபத்தோடு உட்கார்ந்தான்.

கடைசியில் எங்களை வெளியே கொண்டுபோனது ராணுவத்தாரின் ரப்பர் படகு. இரண்டு பையன்கள் என் மனைவியின் கையைப் பிடித்தார்கள், அவள் காலைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் காதில் சொன்னாள், "நம்ம வண்டியைவிட இதுல ஏறுறது சுலபமா இருக்குதுங்க." மருமகள் சிரித்துவிட்டாள். மகன் சிரிக்கவில்லை.

வண்டி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. ஓட்டாததால் எஞ்சின் பிழைத்தது. ஆனால் தரை, இருக்கைகள், கம்ப்யூட்டர் பெட்டி, வயரிங் எல்லாம் போயின. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், வயதில் இளையவர், மரியாதையான பிள்ளை. முதலில் அவர் பார்த்தது விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் கம்பெனி வயரை வெட்டி ஒட்டியிருந்த இடத்தை. படம் எடுத்துக்கொண்டார். வண்டியோடு வராத சாமான்களைப் பாலிசியில் சொல்லித் தனி பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. மாற்றங்களுக்கு அனுமதி இருக்கிறதா? இல்லை. வயரிங்குக்கும் எலெக்ட்ரானிக் பெட்டிக்கும் கிளெய்ம் மறுக்கப்பட்டது. சேர்த்த சாமான்களுக்கு ஒரு பைசா இல்லை. நான் அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

வண்டியில் நனையாமல் தப்பித்தது ஒன்றே ஒன்று. கழற்றிப் பாலிதீன் சுற்றி மாடி அறையில் வைத்திருந்த அந்தக் கடைசி வரிசை இருக்கை.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இவ்வளவும் செய்து எங்கே போகிறார்கள்? ரோடு இல்லாத இடத்துக்கு. ரோடு இல்லாத இடம் என்றால் யாருமில்லாத இடம் என்று நினைப்பு. வருவாய்க் கணக்கில் ஒரு நிலத்துக்குத் தரிசு என்று எழுதியிருந்தால் அது வேண்டாத நிலம் என்று அர்த்தமில்லை. மேய்ச்சல் புறம்போக்கு என்றால் அங்கே யாரோ ஒருவருடைய ஆடு மேய்கிறது. நம்மைச் சுற்றிப் பாருங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். கழுவேலியை 2021-ல் தமிழ்நாடு அரசு சரணாலயமாக அறிவித்தது. வானூர்ப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் வண்டி விடுவதை வீரமாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த ஓடைகளே மண் அரித்து உண்டான புண். அந்த அரிப்பை நிறுத்தத்தான் 1968-க்குப் பிறகு ஆரோவில்காரர்கள் வரப்பு போட்டு, மரம் நட்டு, தண்ணீர் ஊற்றிப் பாடுபட்டார்கள். டயர் பிராண்டிய ஒவ்வொரு கோடும் அடுத்த மழைக்கு ஒரு புது வாய்க்கால்.

கடற்கரை இன்னும் மோசம். தை, மாசி, பங்குனியில் நம் கரைக்குப் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. மணலில் ஒன்றரை அடி ஆழத்தில் முட்டை. ஐம்பது நாள் போல ஆகும் குஞ்சு வெளியே வர. மேலே வண்டி போனால் மணல் இறுகும். பொரித்து வந்த குஞ்சு டயர்த் தடத்தில் விழுந்தால் ஏற முடியாமல் அதற்குள்ளேயே ஓடி ஓடிக் காயும், இல்லை காக்கைக்கு இரையாகும். அந்தத் தடத்தை ஏற்படுத்தியவர் அதே மணலில் அடுப்பு மூட்டி, "இயற்கையோடு ஒரு இரவு" என்று எழுதுவார்.

காட்டுக்குள் போய்த் தங்குவதும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதி வந்தது. காப்புக்காட்டில் இஷ்டத்துக்கு வண்டியை நிறுத்திக் கூடாரம் போட முடியாது. அப்புறம் எதற்குக் கூரையில் 60 கிலோ? பணம் கட்டிய முகாமில் போய் நிறுத்துகிறார்கள். அங்கே கீழேயே கூடாரம் இருக்கிறது, கக்கூஸும் இருக்கிறது. அங்கே போக மாருதி 800 போதும்.

"உங்களுக்குப் பயணத்தின் அருமை தெரியாது, ஆபீசும் வீடுமாக இருந்தவர்" என்று மகன் ஒரு தடவை சொன்னான். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் வாத்தியார் ஒரு நாள் திக்தே கொடுத்தார். அவர் வாசிக்க நாங்கள் எழுதும் பாடம். அது 'தொ ஷெவோ' என்ற சித்ரோயென் வண்டியைப் பற்றியது. 'இரண்டு குதிரை' என்று அர்த்தம். 1930-களில் அந்தக் கம்பெனியின் தலைவர் புலான்ஷே தம் எஞ்சினீயர்களுக்கு வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? விவசாயிகள் உட்கார வேண்டும். ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும். ஒரு கூடை முட்டையை வைத்து உழுத வயலைக் கடந்தால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்த வண்டி வந்தது. எஞ்சின் வெறும் 375 சி.சி. எடை சுமார் ஐந்நூறு கிலோ. டயர் ஒல்லி. விஞ்ச் இல்லை, நீள விளக்கு இல்லை. அது வயலைக் கடந்தது எப்படி? எடை குறைவு, ஸ்பிரிங் மிருது, சக்கரம் நன்றாக ஏறி இறங்கும். 1970-ல் ஏறத்தாழ ஐந்நூறு தொ ஷெவோக்கள் பாரிசிலிருந்து காபூலுக்குப் போய்த் திரும்பின, 16,500 கிலோமீட்டர். ஓட்டியவர்கள் இளைஞர்கள்.

அந்தப் பாடத்தில் நான் எழுத்துப் பிழை நிறைய விட்டேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. கரடுமுரடான வழிக்கு வேண்டியது எடை கூட்டுவது இல்லை, எடை குறைப்பது. நம் பிள்ளைகள் நேர் எதிராகச் செய்கிறார்கள்.

இன்னொரு சாட்சியும் சொல்கிறேன். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போயிருப்பீர்கள். அது ரோடே இல்லை, கல் கொட்டிய ஓடை. ஓட்டுபவரிடம் இருப்பது பழைய ஜீப், மெதுவாகப் போகும் கியர், எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்ற அறிவு. அந்த அறிவைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. விற்க முடிந்ததை மட்டும் நம் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள்.

எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். எஸ்டேட்டில் வேலை, மலைக்கிராமத்தில் வீடு, மண் ரோட்டில் தினப்படி ஓட்டம் என்றிருப்பவர்களுக்கு நல்ல டயர் வேண்டும், அடியில் காப்புத் தகடு வேண்டும். எப்போதாவது மணலில் மாட்டுகிறவர்களுக்கும் சில சாமான்கள் போதும். டயர்க் காற்று அளக்கும் கேஜ் ஒன்று, வண்டி பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று. மணலில் 32 பவுண்டு காற்றை 18-க்கு இறக்கினால் டயர் தரையில் படியும் நீளம் கூடி வண்டி நகரும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு மண்வெட்டி, சக்கரத்தடியில் போட இரண்டு பலகை, நல்ல கயிறு. கயிற்றைக் கம்பெனி கொடுத்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் குண்டில் மாட்டி இழுத்தால், அது பிய்ந்து பீரங்கிக் குண்டு மாதிரி வரும், ஆளைக் கொன்றுவிடும். இவ்வளவும் ஒரு சாக்குப் பையில் அடங்கும். இருக்கையைக் கழற்ற வேண்டியதில்லை, ஆர்.சி.யும் மாறாது.

வண்டியை மாற்றவே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. உடல் ஊனமுற்றவர்கள் ஓட்டுவதற்காக வண்டியை மாற்றிக்கொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அனுமதி வாங்கு, மாற்று, பதினான்கு நாளுக்குள் தெரிவி. அந்த ஃபைல்களில் நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். காலில்லாத ஒருவர் கையால் ஓட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் நின்ற நாளை மறக்க மாட்டேன். வண்டியை மனிதனுக்கு ஏற்ப மாற்றுவது அது. இவர்கள் செய்வது வண்டிக்கு ஏற்ப மனிதர்களைக் கழிப்பது.

நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது பங்குனி உத்திரத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மயிலம் போவோம். யோசித்துப் பார்த்தால் இவர்கள் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்ததெல்லாம் அந்த வண்டியில் இருந்தது. படுக்க வைக்கோல், சமைக்கப் பானை, தொங்க அரிக்கேன், மாட்டுக்குத் தீனி, கீழே தொங்கும் தண்ணீர்ச் செம்பு. ராத்திரி சாவடியில் இறக்கம். ஆனால் வண்டி பூட்டுவதற்கு முன்னால் முதலில் நடப்பது ஒன்று உண்டு. வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, ஒரு முக்காலியைப் போட்டு ஆயாவைக் கைப்பிடித்து ஏற்றி உட்கார வைப்பார்கள். அவர் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்த பிறகுதான் மற்ற சாமான் ஏறும். மிச்சமிருக்கும் இடத்தில் நாங்கள். இடமில்லை என்றால் அப்பா நடந்து வருவார். ஆயாவுக்கு இடமில்லை என்று யாரும் சொன்னதில்லை.

அதனால் வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்ற என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். "அவங்க காசு, அவங்க வண்டி" என்று பெருந்தன்மை காட்டாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். அதில் ஏழு என்று எழுதியிருந்தால் ஏழு இருக்கை கேளுங்கள். பிள்ளைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஆசையிருந்தால், கதவோரம் பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் காலடியில் ஒரு அகலப் படியும் போடச் சொல்லுங்கள். அதுவும் மாடிஃபிகேஷன்தான்.

எங்கள் வீட்டு நிலவரம்: லிஃப்ட் கிட்டைப் போன மாதம் கழற்றிவிட்டான். முன் இரும்பும் போய்விட்டது. நான் பேசியதால் இல்லை, சர்வேயர் எழுதியதால். அலமாரி மட்டும் இன்னும் இருக்கிறது, விற்க ஆள் பார்க்கிறானாம். இருக்கையைத் திரும்பப் பொருத்த நான்கு போல்ட் முறுக்கினால் போதும் என்று மெக்கானிக் சொன்னார். நேற்று மாடிக்குப் போய்ப் பாலிதீனைப் பிரித்து, இருக்கையைத் துடைத்து வெயிலில் வைத்தேன். போல்ட் நான்கும் ஒரு டப்பாவில் பத்திரமாக என் மேஜையில் இருக்கின்றன. வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் போவதாக இருந்தால் ஆறு பேராகப் போவோம். இல்லையென்றால் நாங்கள் இருவரும் பஸ்ஸில் போவோம், பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அலமாரியை என் மகன் தனியாக ஓட்டிக்கொண்டு வரட்டும்.